பழுதும் பயனும்

சென்னையினின்று தெற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் சாலையில், மாமல்லபுரத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் சதுரங்கப்பட்டினம் தோன்றும். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வாணிகத்தின்பொருட்டு வந்து தங்கிய ஊர் அது. மெல்லிய ஆடைகள் இவ்வூர்க் கரையிலிருந்து கப்பலேறிக் கடல் கடந்தன. அவ்வணிகர் எழுப்பிய செங்கற்கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றது. கோட்டையை அடுத்து மீனவர் குப்பம் உளது. சற்று அப்பால் கல்பாக்கத்து அணுமின் நிலையம் விளங்குகின்றது. கட்டுமரமும் அணுவுலையும் ஒரே கடற்காற்றை நுகரும் ஊர்கள் பல இல்லை.

இத்தகைய ஊரிலும், இதனை ஒத்த பிற ஊர்களிலும், இப்பொழுது ஒரு சொல் அடிக்கடி கேட்கப்படுகின்றது. தொலைக்காட்சிப் பெட்டி இருண்டாலும், மிக்சி ஓடாது நின்றாலும், கைப்பேசியின் பாட்டரி தளர்ந்தாலும், “இதைப் பழுது பார்ப்பது வீண், புதியதே வாங்கிவிடுக” என்பர். கடைக்காரர் சொல்கின்றார், உறவினர் சொல்கின்றனர், சில வேளைகளில் பழுது பார்ப்பவரே சொல்கின்றார். இச்சொல் மெய்தானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண், பொருள்கள் ஏன் கெடுகின்றன என்பதை அறிதல் வேண்டும். கடற்கரை வீடுகளில் மின்கருவிகள் விரைவில் கெடுவதற்கு ஊழ்வினை காரணமன்று. கடற்காற்று உப்பைச் சுமந்து வருகின்றது. அவ்வுப்பு, கருவியின் உள்ளே இருக்கும் சுற்றுப் பலகையின்மேல் மெல்லப் படிகின்றது. இரவின் ஈரத்தை அது தன்பால் ஈர்த்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் கூடிய இடத்தில் மின்னோட்டமும் சேர்ந்தால், செம்பு பச்சை நிறம் பூத்து அரிக்கப்படும். நூலினும் மெல்லிய தடம் அறுபடும். இது முதற்பகை. இரண்டாம் பகை வெப்பம். கடைத்தெருவில் கண்டென்சர் என்று வழங்கும் மின்தேக்கியின் உள்ளே ஒரு வகை நீர்மம் உளது. வெப்பத்தால் அந்நீர்மம் வற்றும். வற்றிய மின்தேக்கியின் தலை உப்பிக் காணும். வெப்பநிலை பத்துப் பாகை உயருந்தோறும் அதன் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது என்பது பொறியியலார் கைக்கொள்ளும் கணக்கு. சுவரோடு ஒட்டி, காற்றுப் புகாத மூலையில் வைக்கப்பெற்ற பெட்டி ஏன் முன்னதாகவே மாய்கின்றது என்பதற்கு விடை இதுவே. மூன்றாவது, மின்னழுத்தம் ஏறியும் இறங்கியும் அலைதல்.

இம்மூன்றினாலும் கெடுபவை பெரும்பாலும் சிறு உறுப்புகளே. மின்விசிறி மெல்லச் சுழல்கின்றது எனின், பெரும்பாலும் அதன் மின்தேக்கி தளர்ந்திருக்கும். அதன் விலை மிகச் சிறிது. தொலைக்காட்சியில் ஒலி கேட்கின்றது, படம் தெரியவில்லை எனின், பெட்டி இறந்துவிட்டது என்று கொள்ளுதல் கூடாது. இருட்டறையில் கைவிளக்கைத் திரையின்மேல் சாய்த்துப் பிடித்தால் மங்கலாகப் படம் புலப்படும். அங்ஙனம் புலப்படின், கெட்டது திரைக்குப் பின்னுள்ள விளக்குப் பட்டையே ஆகும். அப்பட்டையில் சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருத்தலின், ஒன்று அவியின் அத்தொடரே அவியும். பத்துப் பொருள் நன்றாக இருக்க, ஒன்று கெட்டமையால் பதினொன்றையும் குப்பையில் எறிவது அறிவுடைமை ஆகுமா?

ஆயினும் எதிர்த்தரப்பாரின் கூற்றிலும் வலிமை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. புதிய பெட்டியைச் செய்வது பொறி. பழைய பெட்டியைச் செப்பனிடுவது கை. பொறி ஒரே வகையான ஆயிரம் பெட்டிகளைச் சோர்வின்றிச் செய்கின்றது. ஆண்டுதோறும் அதன் விரைவு பெருகுகின்றது. பெட்டியின் விலை இறங்குகின்றது. பழுதோ ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு வகை. அதனைத் தேடிக் காண ஒரு மனிதர் ஒரு மணி நேரமோ, அரை நாளோ அமர்ந்திருத்தல் வேண்டும். அவர்க்கும் குடும்பம் உண்டு. அரிசியும் வீட்டு வாடகையும் அவர்க்கும் ஏறுகின்றன. ஆகவே பெட்டியின் விலை இறங்க, கைத்தொழிலின் கூலி ஏற, இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. கூலி மிக்க மேலை நாடுகளில் இச்சந்திப்பு நெடுநாள் முன்னரே நிகழ்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் இப்பொழுதுதான் நிகழ்ந்து வருகின்றது. பழுது பார்ப்பவர் கேட்கும் கூலியைக் கண்டு முகம் சுளிப்போர் இவ்வுண்மையை எண்ணுவதில்லை. இருநூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய் உறுப்பைத்தானே மாற்றினார் என்பர். எந்த மூன்று ரூபாய் உறுப்பு என்று அறிந்தமைக்கு அன்றோ அக்கூலி!

கடைகளில் ஒரு வாய்பாடு வழங்குகின்றது. பழுதுச் செலவு புதுப்பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் கைவிடுக என்பது அது. கேட்பதற்கு எளிதாக இருப்பினும் இவ்வாய்பாடு குறையுடையது. எஞ்சிய வாழ்நாளை அது எண்ணுவதில்லை. எடுத்துக்காட்டாக, 12,000 ரூபாய்ப் பெட்டி ஒன்று ஆறு ஆண்டு உழைக்கும் எனக் கொள்வோர்க்கு ஆண்டுச் செலவு 2,000 ரூபாய். பழைய பெட்டிக்கு 7,000 ரூபாய் செலவிட்டு அது நான்கு ஆண்டு உழைக்குமானால், ஆண்டுக்கு 1,750 ரூபாயே ஆகின்றது. செலவு பாதியைத் தாண்டியும் பழுது பார்த்தலே ஆதாயம். மாறாக, 3,000 ரூபாய் செலவிட்டு ஓராண்டே உழைக்குமாயின், செலவு காற்பங்காயினும் அது நட்டம். எனவே, “எவ்வளவு ஆகும்?” என்ற வினாவோடு, “இன்னும் எத்தனை ஆண்டு ஓடும்?” என்ற வினாவும் சேர்தல் வேண்டும். நேர்மையுள்ள தொழிலாளர் இரண்டாம் வினாவிற்கு விடை கூறுவர். அன்றேல் கூற இயலாது என்று வெளிப்படையாக உரைப்பர்.

இனி, சதுரங்கப்பட்டினத்துக் கரையையே சற்று நோக்குக. கட்டுமரம் என்னும் பெயரே அதன் அமைப்பை உரைக்கின்றது. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து உலர்த்துவது பரதவர் வழக்கம். ஒரு மரம் உளுத்துப்போயின், அதனை மட்டும் நீக்கி வேறொன்று சேர்ப்பர். இக்கடற்கரை நெடுகிலும் முற்காலத்தில் வழங்கிய மசூலாப் படகும் அத்தகையதே. அதில் ஆணி இல்லை; பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை மோதுங்கால் அப்படகு நெகிழ்ந்து கொடுக்கும். ஆணியடித்த படகு உடையும் இடத்தில் தைத்த படகு பிழைத்துக் கரை சேரும். பலகை பழுதாயின் தையலைப் பிரித்துப் புதுப்பலகை வைத்துத் தைப்பர். கெடும் என்பதை அறிந்தே செய்தனர். பிரிப்பதற்கு உரிய வழியைச் செய்யும்பொழுதே வைத்தனர். இன்றும் குப்பத்து நிழலில் அமர்ந்து வலையின் அறுந்த கண்களைக் கட்டுவோர் வலை முழுதையும் எறிந்துவிடுவதில்லை. வலை நைலான் ஆயிற்று, படகு கண்ணாடியிழை ஆயிற்று, வழக்கம் மாறவில்லை.

பழைய வானொலிப் பெட்டியும் கட்டுமரத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான். அதன் வால்வுகள் குழிகளில் செருகப்பட்டிருந்தன. ஒன்று கெட்டால் பிடுங்கி வேறொன்று செருகலாம். பல பெட்டிகளின் உட்புறத்திலேயே சுற்றின் படம் ஒட்டப்பட்டிருந்தது. பின்னர் வந்த டிரான்சிஸ்டர் பெட்டியில் உறுப்புகள் பற்றாசினால் ஒட்டப்பட்டன, ஆயினும் கண்ணுக்குத் தெரிந்தன, கைக்கு எட்டின. இன்றைய கைப்பேசியிலோ எறும்பின் தலையினும் சிறிய உறுப்புகள் உள்ளன. பாட்டரி பசையால் ஒட்டப்பட்டுள்ளது. மூடி திறக்கத் தனித் திருகு வேண்டும். சில கருவிகளில் உண்மையான உதிரி உறுப்பையே மாற்றினும், நிறுவனத்தின் மென்பொருள் அதனை ஏற்க மறுக்கின்றது. இஃது இயற்கையின் கோளாறு அன்று. செய்தோர் எண்ணிச் செய்தது. இத்தகைய எண்ணம் புதியதும் அன்று. 1924-ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெயர் பெற்ற மின்விளக்கு உற்பத்தியாளர் பலர் ஜெனீவாவில் கூடிப் பீபஸ் என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தினர். விளக்கின் வாழ்நாள் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று தம்முள் வரையறுத்தனர்; மீறியோர்க்குத் தண்டமும் விதித்தனர். நெடுநாள் எரியும் விளக்கு நல்ல விளக்கு அன்று என்று உலகில் முதன்முதல் முடிவு செய்தோர் அவர்களே போலும்!

செப்பனிடும் திறனால் வெற்றி பெற்ற கதை ஒன்று இக்கரையை ஒட்டியே நிகழ்ந்தது. 1782-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் சதுரங்கப்பட்டினத்திற்கு எதிரே கடலில் ஆங்கிலக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் மோதின. ஆங்கிலேயர்க்கு எட்வர்டு ஹியூஸ் தலைவர். பிரெஞ்சுக்காரர்க்குச் சூஃப்ரான் தலைவர். அடிபட்ட கப்பல்களை ஆங்கிலேயர் திருகோணமலைத் துறைமுகத்திற்குக் கொண்டு சென்று செப்பனிட்டனர். சூஃப்ரானுக்கோ இக்கரையில் கப்பல் செப்பனிடுவதற்குரிய துறைமுகம் ஒன்றும் இல்லை. அதே ஆண்டு சூலைத் திங்களில் நாகப்பட்டினத்தை அடுத்து நிகழ்ந்த போரில் அவர்தம் கப்பல்கள் பாய்மரம் இழந்து நின்றன. அவர் கடலூரில் நங்கூரமிட்டார். சிறு கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்குப் பூட்டினார். ஒரு பெட்டியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றைப் பிழைக்க வைக்கும் கடைத்தெருத் தொழிலாளர் செய்வது இதுவேயன்றோ? ஆகஸ்டு முதல் நாள் அவர் பாய் விரித்துப் புறப்பட்டார். திங்கள் முடிவதற்குள் திருகோணமலை அவர் கைப்பட்டது. சென்னையில் தம் கப்பல்களைச் செப்பனிட்டு முடித்து ஹியூஸ் அங்கே சென்றபொழுது, கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் அருகிலேயே உளது. கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-ஆம் ஆண்டிலும் இரண்டாம் உலை 1986-ஆம் ஆண்டிலும் வாணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கின. சில ஆண்டுகளிலேயே உலைகளினுள் கனநீர் புகும் உறுப்பு உடைந்தது. அதனால் இரண்டும் 170 மெகாவாட் அளவிற்குக் குறைத்தே இயக்கப்பட்டன. உலையை மூடிவிட்டுப் புதியது கட்டுக என்று எவரும் முடிவு செய்யவில்லை. 2002-ஆம் ஆண்டு தொடங்கி, முதலில் இரண்டாம் உலையிலும் பின்னர் முதல் உலையிலும் குளிர்விப்புக் குழாய்கள் அனைத்தும் மாற்றப்பட்டன. உடைந்த உறுப்பிற்கு மாற்று அமைப்பும் பொருத்தப்பட்டது. திறன் 220 மெகாவாட் அளவிற்கு மீண்டது. கதிர்வீச்சு நிறைந்த உலையின் வயிற்றைத் திறந்து செப்பனிடும் திறன் உள்ள நாட்டில், ஒரு மிக்சியைத் திறக்க இயலாது என்பது வியப்பே.

இவ்வளவு கூறியதனால், எதனையும் எக்காலத்தும் பழுது பார்த்தே தீர வேண்டும் என்பது கருத்தன்று. மின்விசிறியையே எடுத்துக்கொள்க. பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை ஏறத்தாழ 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், ஆண்டிற்கு 197 யூனிட்டு மிச்சம். யூனிட்டு ஐந்து ரூபாய் என வைத்துக்கொண்டால் ஆயிரம் ரூபாய்க்குச் சிறிது குறைவு. ஆகவே காயில் எரிந்துபோன பழைய விசிறிக்கு மறுபடி காயில் கட்டுவதினும் புதுவகை வாங்குதல் நன்று எனத் தோன்றும். ஆனால் இதற்கும் மறுபக்கம் உண்டு. பழைய விசிறியின் பழுதை எந்தச் சிற்றூரிலும் காயில் கட்டும் கடையில் தீர்க்கலாம். புதுவகையின் உள்ளே ஒரு சுற்றுப் பலகை உளது. கடற்காற்றில் அது கெட்டால் அதே நிறுவனத்தின் அதே வகைப் பலகை வேண்டும். அது கிடைக்கும் என்ற உறுதி இருப்பின் புதியது வாங்குக. இல்லையேல் மின்சாரத்தில் மிஞ்சியது பலகையில் போகும்.

உப்பிய பாட்டரியைக் குத்திப் பார்த்தல், பழைய படக்குழாய்ப் பெட்டியைப் பயிற்சியின்றித் திறத்தல் ஆகியவை உயிருக்கே இடர். படக்குழாயில் இருபதினாயிரம் வோல்ட்டு அளவிற்கு மின்னழுத்தம் ஏறும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சில நேரம் அது தங்கியிருக்கும். இவற்றில் சிக்கனம் பேசுதல் தகாது.

படக்குழாய் என்றதும் ஒரு செய்தி நினைவிற்கு வருகின்றது. 2006-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு வீடுதோறும் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கிற்று. பதினான்கு அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் வழங்கப்பட்டன. 2011-ஆம் ஆண்டில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வழங்கும் திட்டம் தொடங்கியது. உலகில் வேறெங்கும் எளிதில் காணவியலாத நிலை இது. மாநிலம் முழுதும் ஒரே வகைப் பொருள்கள் ஒரே காலத்தில் முதுமை எய்தின! செங்கற்பட்டு மாவட்டத்துக் குப்பத்திலும், குமரி மாவட்டத்துக் குப்பத்திலும் ஒரே உறுப்பு தேவைப்பட்டது. பொருளை வழங்கியபொழுதே, ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒரு பழுது நிலையமும், உதிரி உறுப்புகளின் இருப்பும், ஐந்தாறு இளைஞர்க்குப் பயிற்சியும் ஏற்படுத்தியிருந்தால், வழங்கிய பணத்தின் பயன் பெருகியிருக்கும். பலர்க்குத் தொழிலும் கிடைத்திருக்கும். தட்டையான பெட்டிகள் மலிந்ததும் படக்குழாய்ப் பெட்டிகள் பழைய இரும்புக்காரர் வண்டியேறின. படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. உடைத்துக் கொட்டிய இடத்தில் அது மண்ணையும் நீரையும் கெடுக்கும். இலவசமாக வந்த பொருளுக்கு உரிய விலை அங்கே செலுத்தப்படுகின்றது.

உலகளவில் இக்கணக்கு அச்சம் தருவது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் வந்த அறிக்கை கூறுகின்றது. அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22.3 பங்கே. எஞ்சியதில் ஒரு பகுதி, கம்பியை எரித்துச் செம்பெடுக்கும் ஏழை மக்களின் நுரையீரலுக்குள் புகையாகச் செல்கின்றது.

எனவே, பழுது பார்த்தல் பயனுடையதா என்னும் வினாவைப் பொருளின் உரிமையாளரிடம் மட்டும் கேட்டல் முறையன்று. செய்தவரிடமும் கேட்டல் வேண்டும். சுற்றின் படமும் உதிரி உறுப்பும் நியாய விலையில் கிடைப்பின் பழுது பார்த்தல் தானே ஆதாயமாகும். மறுக்கப்படின் எத்துணைத் திறமையாளரும் கை பிசைந்து நிற்பர். மேலைநாட்டார் சிலர் இதனை உணர்ந்துவிட்டனர். பிரான்சு நாட்டில் 2021-ஆம் ஆண்டு முதல், சில வகைக் கருவிகளின்மேல், அவற்றைப் பழுது பார்ப்பது எத்துணை எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண்ணாகப் பொறித்தல் வேண்டும் என்று விதித்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள் முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசி வகைகளுக்கு, விற்பனை முடிந்து ஏழு ஆண்டுகள் வரை முதன்மையான உதிரி உறுப்புகள் கிடைத்தல் வேண்டும் என்பது சட்டம். இந்தியாவிலும் நுகர்வோர் துறை 2022-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பழுது பார்க்கும் உரிமையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நற்றொடக்கம்தான். ஆயினும் தளத்தில் நிறுவனத்தின் பெயர் இருப்பது வேறு. சதுரங்கப்பட்டினத்து வீட்டிற்கு உறுப்பு வந்து சேர்வது வேறு. நிறுவனத்தின் பழுது நிலையம் தேடித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு சென்று மீள ஒரு நாட்கூலி போய்விடுகின்றது, அங்கே, “உறுப்பு வரவில்லை, அடுத்த வாரம் வருக” என்பாராயின் இரண்டாம் நாட்கூலியும் போயிற்று. வீட்டினர் புதியது வாங்கத் துணிவது அந்நேரத்திலேதான். அவர்களைச் சோம்பர் என்றும் ஊதாரிகள் என்றும் இகழ்வோர், அந்தப் பேருந்துப் பயணத்தைக் கணக்கில் சேர்த்தவர் அல்லர்.

அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னணுக் கருவிகளைச் செப்பனிடும் தொழில் ஈராண்டுப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. அதனைக் கற்றுத் தேர்ந்தோர் பலர் பெருந்தொழிற்சாலைகளில் பொருள் பூட்டும் வேலைக்கே செல்கின்றனர். மாதம் தவறாது ஊதியம் கிடைத்தலின் அவர்களைக் குறை கூறுதல் இயலாது. கடற்கரையூர் ஒன்றில் தனிக்கடை வைத்து அமர்வதற்கு அவர்க்கு வேண்டுவன மூன்று: ஒரு பற்றாசுக் கோல், ஒரு மல்டிமீட்டர், உரிய காலத்தில் வந்து சேரும் உதிரி உறுப்புகள். முதலிரண்டையும் அவரே சில ஆயிரம் ரூபாயில் வாங்கிக்கொள்வர். மூன்றாவது அவர் கையில் இல்லை. புதுப்பொருள் வாங்கச் செல்வோர் விலையையும் நிறத்தையும் கேட்பதோடு, இதன் மூடி திருகினால் மூடியதா பசையால் மூடியதா, இதன் உறுப்புகள் எத்தனை ஆண்டு கிடைக்கும், அருகில் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, விடையை விற்பனைச் சீட்டிலேயே எழுதி வாங்குதல் நன்று. எழுதித் தர மறுக்கும் கடையினின்று அடுத்த கடைக்குச் செல்வதற்குப் பேருந்துக் கட்டணம் வேண்டுவதில்லை.